நல்ல நேரத்தில் ஒரு பேய்ப்படம்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாலரை மணி வரைக்கும் என் மனைவியை நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடுவதில்லை என்று முடிவு செய்தேன். இருபது வருஷக் குடும்ப வாழ்க்கையில் நான் தனியாக எடுத்த முடிவுகள் மொத்தம் மூன்று. முதல் இரண்டும் மீசை சம்பந்தப்பட்டவை.

ஏன் நாலரை? நாலரைக்கு ராகுகாலம். அன்று வைகாசி மாதத்தின் கடைசி நாள். விடிந்தால் ஆனி. அது போனால் ஆடி. இரண்டுமே புதுவீட்டுக்குக் குடிபோகக் கூடாத மாதங்கள். சீதாலெட்சுமி என்னை மீறுவாள், ஆபீஸ் பெரியவரை மீறுவாள், போலீசைக்கூட மீறுவாள். காலண்டரை மட்டும் மீற மாட்டாள். அந்த ஒரு நாலரை மணியைத் தாண்டிவிட்டால் எனக்கு அறுபது நாள் விடுதலை. அதற்குள் செமினி வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பிடித்து, சாவியை அவன் கையில் கொடுத்துவிடலாம் என்பது என் திட்டம்.

செமினி வீடு என்றேன் அல்லவா, அந்தப் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. பெயர் கன்னையா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சில்தான் கல்யாணமான மறுவருஷத்திலிருந்து வாசம். மூன்று வருஷத்துக்கு முன்னால் செமினியில் வரிசை வரிசையாக வீடுகளோடு புதிதாக ஒரு தாமான் கட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சீதாலெட்சுமி என்னை இழுத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட வைத்தாள். அங்கே அப்போது செம்மண்ணும் ஒரு பலகையும்தான் இருந்தன. எப்படியும் கட்ட மாட்டான், கம்பெனியைப் பூட்டிக்கொண்டு ஓடிவிடுவான் என்ற முழு நம்பிக்கையோடு கையெழுத்துப் போட்டேன். படுபாவி, கட்டிவிட்டான். இந்த வருஷம் மாசியில் சாவியும் வந்துவிட்டது.

பங்குனி ஆகாது என்று காலண்டரே எனக்கு உதவியது. சித்திரையில் முதுகுவலி வந்தது. வைகாசி முதல் ஞாயிறு தொழிற்சங்கக் கூட்டம், இரண்டாம் ஞாயிறு ஒரு கல்யாணம், மூன்றாம் ஞாயிறும் நாலாம் ஞாயிறும் மறுபடியும் முதுகு. இதற்குள் சீதாலெட்சுமி வீட்டில் பாதியைப் பெட்டியில் கட்டிவிட்டாள். மூன்று மாதமாக ஒரு கரண்டி வேண்டுமென்றாலும் நாலு பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. என் வேட்டி ஒன்று மிளகாய்த்தூளோடு கட்டப்பட்டு, அதை எடுத்து நான் ஒருநாள் கட்டிக்கொண்ட கதையை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

எனக்கு ஏன் பிரிக்பீல்ட்சை விட மனசில்லை என்று கேட்டால், ஊரில் எல்லோரிடமும் ஒரு காரணம் சொல்வேன். இங்கிருந்து ஆபீஸ் ஏழு நிமிஷ நடை. செமினியிலிருந்து இரண்டு பஸ். காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். உண்மைக் காரணம் வேறு. இங்கே முனைக் கோப்பிக்கடையில் நான் நுழைந்தால் சொல்லாமலே சூடாகத் தே கிளாஸ் மேசைக்கு வரும். நாலு பேர் 'கன்னையாண்ணே' என்று நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். வீட்டில் கிடைக்காத மரியாதை எனக்கு அங்கேதான் கிடைக்கிறது. செமினியில் நான் யார்? பஸ் ஸ்டாப்பில் குடையோடு நிற்கும் ஒரு வழுக்கைத் தலை. அந்த ஊரை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பாலனின் வீடியோ கடைக்குப் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து, அதுதான் கடை. சுவர் முழுக்க டேப்புகள்.

"பாலா, பயங்கரமா ஒரு பேய்ப்படம் குடு."

"யாருக்குண்ணே?"

"உங்க அண்ணிக்கு."

பாலன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அண்ணி பயப்படுவாங்களா?"

"பல்லியைப் பார்த்தா அலறுவா."

"பல்லி வேற, பேய் வேறண்ணே. சரி, எந்த மாதிரிப் பேய்?"

"இடுகாட்டுல ஆரம்பிக்கணும். செத்தவன்லாம் எந்திரிச்சு வரணும். பக்கத்துல இருக்கிற வீட்டுக்குள்ள பூரணும். அந்த வீட்டுல குடியிருக்கிறவங்க ஒருத்தர் விடாம சாகணும்."

"அண்ணே, நீங்க படம் கேக்குறீங்களா, வேண்டுதல் வைக்கிறீங்களா?"

செமினி வீட்டுக்குப் பின்னால், மூன்று சந்து தள்ளி, ஒரு மேட்டில் சீனர்களின் இடுகாடு இருக்கிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் வரிசையாகக் கல்லறைகள். நான் எத்தனையோ தடவை அதைச் சுட்டிக் காட்டியாகிவிட்டது. 'அவங்க சத்தம் போட மாட்டாங்க' என்பாள். அதனால்தான் படத்தின் மூலமாக விஷயத்தை விளக்கலாம் என்று தோன்றியது. பயந்து செமினியை வேண்டாம் என்றால் பெரிய வெற்றி. பயப்படாவிட்டாலும் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும், அது சின்ன வெற்றி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழப் போகிற சந்தோஷத்தில் இருந்தேன்.

அதோடு, எனக்குத் தெரிந்த படம் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு கிள்ளானில் பார்த்தது. கறுப்பு வெள்ளை. செத்தவர்கள் எழுந்து வந்து ஒரு வீட்டைச் சூழ்ந்துகொள்வார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட பெண் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை உருட்டிக்கொண்டே இருப்பாள், படம் முடிகிற வரைக்கும். அந்தக் கதையைப் பாலனிடம் சொன்னேன்.

"அட, அதையேதாண்ணே இப்ப மறுபடியும் எடுத்திருக்கான். கலரு. போன வாரம்தான் வந்துச்சு."

"கதை அதேதானே?"

"அதே கதைதாண்ணே."

பாலன் தான் வாடகைக்கு விடும் எந்தப் படத்தையும் பார்ப்பதில்லை. அவன் கடை டி.வி.யில் எப்போதும் காற்பந்துதான் ஓடும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன். அதே கதை என்றால் எந்த இடத்தில் பேய் வரும், எந்த இடத்தில் வராது என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அவள் அலறுவாள், நான் சிரிப்பேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டு டேப்பைச் சட்டைக்குள் மறைத்து எடுத்து வந்தேன்.

ஞாயிறு காலை ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்கால் வரை நல்ல நேரம் என்று காலண்டர் சொன்னது. நான் ஆறு மணிக்கே மீன் வாங்க பாசாருக்குக் கிளம்பிவிட்டேன். ஒன்பது மணிக்குத் திரும்பினேன்.

"நாலு கெம்போங் மீன் வாங்க மூணு மணி நேரமா?"

"நல்லா புதுசா வரட்டும்னு நின்னேன்."

அவள் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். என்னையும் அப்படித் தூக்கிப் பார்ப்பாளோ என்று இருந்தது. "சரி. மத்தியானம் மூணே காலுலேர்ந்து நாலே கால் வரைக்கும் இன்னொரு நல்ல நேரம் இருக்கு. தம்புசாமியை லோரி எடுத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

தம்புசாமி அவள் தம்பி. கிள்ளானில் லோரி வைத்திருக்கிறான். என் கல்யாணத்தில் சோடா போத்தலை உடைத்த பையன். இன்றைக்கு நாலு ஆட்களை வைத்து வேலை வாங்குகிறான். என்னைப் பார்த்தால் 'மாமா, உடம்பு எப்படி?' என்று, ஏதோ ஆஸ்பத்திரியில் கேட்பதைப்போலக் கேட்பான்.

சாப்பாடு முடியும் வரை காத்திருந்தேன். அவள் வெற்றிலைத் தட்டை எடுத்ததும் ஆரம்பித்தேன்.

"சீதா, அந்த இடுகாட்டுப் பக்கம் நீ பயமில்லாம இருந்துடுவியா?"

"இருந்துடுவேன்."

"சும்மா சொல்ற. உன்னால ஒரு பேய்ப்படத்தை முழுசா பார்க்க முடியுமா?"

"எதுக்குப் பார்க்கணும்?"

"பார்க்க முடியாதுன்னு சொல்லு."

அவள் பாக்கை மெல்லுவதை நிறுத்தினாள். அவளிடம் 'உன்னால் முடியாது' என்று சொன்னால் நடுக்கடலில்கூட நீந்திக் காட்டுவாள். நீச்சல் தெரியாது என்பது வேறு விஷயம்.

"பார்த்தா?"

"படம் முடியிற வரைக்கும் நீ நாற்காலியை விட்டு எந்திரிக்காம பார்த்தா, நாளையே செமினி போலாம்."

"நாளைக்கு ஆனி."

"அப்போ ஆவணியில போலாம். எந்திரிச்சிட்டா, ஆயுசுக்கும் செமினி பேச்சை எடுக்கக் கூடாது."

"நீங்களும் எந்திரிக்கக் கூடாது."

"சரி."

"மூஞ்சியைத் திருப்பக் கூடாது. பயந்தவங்கதான் திரும்பிப் பார்ப்பாங்க."

"நான் ஏன் திரும்பறேன்? எனக்குக் கதையே தெரியும்."

"அப்போ கற்பூரம் ஏத்துங்க," என்றாள்.

கற்பூரத்தைக் கேட்கலாம் என்று நானே நினைத்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள். கற்பூரம் அடித்துச் செய்த சத்தியத்தை அவள் தாண்டவே மாட்டாள். பத்துமலை முருகன் படத்துக்கு முன்னால் இரண்டு பேரும் கற்பூரத்தில் கை வைத்தோம். நாளைக்குப் பேச்சு மாறக்கூடாதே என்று பக்கத்து வீட்டு இராஜம்மாக்காவைச் சாட்சிக்கு நான்தான் கூப்பிட்டேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் எந்திரிக்கக் கூடாது, திரும்பவும் கூடாது. அவ்ளோதானே?" என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டார். நல்ல சாட்சி என்று நினைத்தேன்.

"தம்புசாமிக்குப் போன் பண்ணிட்டு வந்துடறேன்," என்று சீதாலெட்சுமி அக்கா வீட்டுக்குப் போய்வந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"சரின்னான்."

அந்தச் 'சரி'யைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. முன்பக்கக் கதவைச் சாத்தினேன். ஜன்னல் திரைகளை இழுத்து விட்டேன். ஹாலை நல்ல இருட்டாக்கினேன். டி.வி.க்கு எதிரே இரண்டு நாற்காலிகளைப் போட்டேன். படுக்கையறையும் சமையலறையும் எங்கள் முதுகுக்குப் பின்னால். சரியாக மூன்று மணிக்கு டேப்பை உள்ளே தள்ளினேன். ஒன்றரை மணி நேரப் படம். நாலரைக்கு முடியும். இரண்டும் சேர்ந்து வருகிற அழகை ரசித்தபடி உட்கார்ந்தேன்.

இடுகாடு வந்தது.

"பார்த்தியா, நம்ம செமினி சமையலறை ஜன்னல் மாதிரியே இருக்கு," என்றேன்.

"புல்லெல்லாம் சுத்தமா வெட்டியிருக்கான்," என்றாள்.

தூரத்தில் ஓர் ஆள் தள்ளாடி வந்தான். எனக்குத் தெரியும், அவன்தான் முதல் பிணம். "இப்ப பாரு, அவன் வந்து..." என்று சொல்லி வாய் மூடவில்லை. அவன் சும்மா கடந்து போய்விட்டான். நான் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து இன்னொருவன் பாய்ந்தான். என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"என்னங்க?"

"இருமல்."

அப்போதுதான் புரிந்தது. மறுபடியும் எடுத்தவன் கதையை வைத்துக்கொண்டு இடங்களை மாற்றிவிட்டான். பழைய படத்தில் பேய் வந்த கதவில் இப்போது வரவில்லை. வராத கதவில் வந்தது. நான் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் நடக்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டால் நடந்தது. கதையே தெரியாதவன்கூட என்னைவிட நிம்மதியாகப் பார்த்திருப்பான்.

சீதாலெட்சுமியோ மடியில் ஒரு தட்டில் நெத்திலியை வைத்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ பெரிய வீட்டுக்கு ஒரு கிரில் போடலியா?" என்றாள்.

"வெள்ளைக்காரங்க ஊர்ல கிரில் கிடையாது."

"அதான் வந்து பூர்றான். செமினி வீட்டுக்கு முன்னாடி, பின்னாடி ரெண்டு பக்கமும் கிரில் போட்டாச்சு."

"எப்போ?"

"போன மாசம். உங்களுக்கு முதுகுவலி வந்தப்போ. சத்தம் சரியாக் கேக்கலை, கூட்டுங்க."

கூட்டினேன். சத்தம் கூடினால் பயமும் கூடும் என்று உட்கார்ந்தபடியே ரிமோட்டைச் சந்தோஷமாக அமுக்கினேன்.

படத்தில் ஒரு லோரி வீட்டை நோக்கிப் பின்னால் வந்தது. எவ்வளவு தத்ரூபமான சத்தம்! நம் வீட்டுப் பின்சந்திலேயே வந்து நிற்பதைப்போல இருந்தது. டி.வி.யில் லோரி நின்ற பிறகும் என்ஜின் கொஞ்ச நேரம் ஓடியது.

"கூட்டுங்க," என்றாள். இன்னும் கூட்டினேன்.

உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் சண்டை போட்டார்கள். பழைய படத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை உருட்டிக்கொண்டிருந்தாளே ஒருத்தி, அவள் இதில் உட்காரவே இல்லை. கையில் சுத்தியலை எடுத்துக்கொண்டாள். இந்த வீட்டில் இருந்தால் செத்துப்போவோம், கிளம்புங்கள் என்று ஆண்களிடம் சொன்னாள். அவர்கள் அவளைப் பேசவே விடவில்லை. ஒருத்தன் இங்கேயே இருப்போம் என்றான். இன்னொருத்தன் விடியட்டும் என்றான்.

சீதாலெட்சுமியின் கை நெத்திலியில் நின்றுவிட்டது.

"அந்தப் பொண்ணு முதல்லேயே சொல்லிடுச்சு லா, கிளம்பலாம்னு. யாராச்சும் கேட்டாங்களா?"

"படம்தானே."

"பத்தொன்பது வருஷமா நானும்தான் சொல்றேன். மழை வந்தா கட்டிலுக்கடியில சட்டி வைக்கிறேன். சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னா உங்க ஆபீசுக்கு எழுதிப் போடணும். இந்திரா பொறந்தப்போ தொட்டில் கட்டக் கொக்கி கேட்டு எழுதினோம். அவ நடக்க ஆரம்பிச்சப்புறம் பதில் வந்துச்சு."

இந்திரா எங்கள் மகள். ஈப்போவில் நர்சுக்குப் படிக்கிறாள். அந்தக் கொக்கி விஷயத்தை நான் இதுவரை கோப்பிக்கடையில் வேடிக்கையாகத்தான் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் நன்றாகச் சிரிப்பார்கள். அவள் சொன்ன விதத்தில் சிரிப்பு இல்லை.

"செமினியில பஸ் ரெண்டு மாறணும் சீதா," என்றேன்.

"உங்களுக்குப் பேய் பயமில்ல. பஸ் பயம்."

இல்லை, பஸ் இல்லை, அங்கே என்னை யாருக்கும் தெரியாது, அதுதான் பயம் என்று அப்போது சொல்லியிருக்கலாம். இருபது வருஷத்தில் அவளிடம் உண்மையாகச் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்தது. "படத்தைப் பாரு," என்றேன்.

படத்தில் இழுக்கிற சத்தம் கேட்டது. தரையில் எதையோ பாரமாக இழுக்கிறார்கள். பிறகு படத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். இழுக்கிற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"சீதா, உனக்கு ஏதாச்சும் கேக்குதா?"

"படத்துலதானே?"

"ஆமா, படத்துலதான்."

"திரும்பிப் பார்க்கிறீங்களா?"

"யாரு? நானா?"

அந்த நேரம் பார்த்து படத்தில் விளக்கு அணைந்தது. திரை முழுக்கக் கறுப்பு. கறுத்த கண்ணாடியில் எங்கள் ஹால் தெரிந்தது. என் நாற்காலி, அவள் நாற்காலி. எங்களுக்குப் பின்னால் ஓர் உருவம். அதற்குத் தலை இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் அகலமாக, தட்டையாக ஏதோ ஒன்று ஆடிக்கொண்டு, இடப்பக்கமிருந்து வலப்பக்கம் சத்தமே இல்லாமல் நகர்ந்து போனது. அதற்குப் பின்னால் இரண்டு பேர், நடுவில் ஓர் ஆள் நீளத்துக்கு எதையோ தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியாகப் போன ஒன்று நின்று என் முதுகை ஒரு நிமிஷம் பார்த்தது.

கத்தினால் தோற்றேன். திரும்பினால் தோற்றேன். எழுந்து ஓடினால் கற்பூரத்தில் கை வைத்த பாவம் வேறு. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு முருகன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"என்ன முணுமுணுக்கிறீங்க?"

"பாட்டு."

"நல்லாருக்கு. கூட்டுங்க."

அதற்குப் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். என் காதில் ஏதோ உரசிக்கொண்டு போனது. காலடியில் பாய் தானாக நகர்ந்ததுபோல இருந்தது. பக்கத்தில் முக்காலியில் வைத்திருந்த தே கிளாசை எடுக்கக் கை நீட்டினேன். கிளாஸ் இல்லை. துழாவினேன். முக்காலியும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உறைந்துபோனேன். இடுகாட்டுக்குப் பக்கத்தில் வீடு வாங்கினாலே இவை கூட வந்துவிடும் போலிருக்கிறது, இவளுக்கு இதை எப்படிச் சொல்வது என்றுதான் அப்போதும் யோசித்தேன்.

கடைசியில் சூரியன் வந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பலாம் என்று சொன்ன பெண் மட்டும் உயிரோடு நடந்து போனாள். எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. சீதாலெட்சுமி நெத்திலித் தட்டை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து, கையைத் தட்டிக்கொண்டாள்.

"முடிஞ்சிடுச்சு. நான் எந்திரிக்கல," என்றாள்.

"நானும் எந்திரிக்கல! திரும்பல!" என்றேன். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. ஆனாலும் ஜெயித்தவன் நான்தான். வைகாசி முடிந்தது. அறுபது நாள் என் கையில். "அவ்ளோதான் சீதா. இனிமே ஆவணியிலதான் பேச்சு. மணி நாலரை ஆயிடுச்சு, ராகுகாலம் வந்துடுச்சு."

என் குரல் எனக்கே ரொம்பப் பெரிதாகக் கேட்டது. ஏதோ மண்டபத்தில் பேசுவதைப்போலத் திரும்பி வந்தது.

"நாலு இருவத்திரண்டுதான் ஆவுது," என்றாள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து. "சென்சார்ல நிறைய வெட்டிட்டான் போல."

மணி பார்க்கத் திரும்பினேன். பின்சுவரில் கடிகாரம் இல்லை. கடிகாரம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை வட்டம் இருந்தது. அதற்குக் கீழே இருந்த கண்ணாடி அலமாரியும் இல்லை. படுக்கையறையில் கட்டில் இல்லை, மெத்தை இல்லை, இரும்பு அலமாரி இல்லை. சமையலறை வரைக்கும் பார்வை தடையில்லாமல் போனது. பின்கதவு அகலமாகத் திறந்திருந்தது. கதவுக்கு வெளியே தம்புசாமியின் லோரி. மேலே என் மெத்தை. பக்கத்தில் இராஜம்மாக்கா, செருப்பில்லாமல், இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, எங்கள் முக்காலியோடு நின்றிருந்தார்.

"அக்கா, நீங்க சாட்சிக்கு வந்தவங்க!"

"சாட்சி சொல்றேனே தம்பி. ரெண்டு பேருமே எந்திரிக்கல. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

நான் சீதாலெட்சுமியைப் பார்த்தேன். "தம்புசாமியை வேணாம்னு போன் பண்ணினியே!"

"வேணாம்னு யாரு சொன்னா? பின்பக்கமா வா, வர்ற ஆளுங்களையும் சிலிப்பரைக் கழட்டச் சொல்லுன்னு சொன்னேன். மூணு இருவதுக்கு விளக்கு, உப்பு, மஞ்சள், தண்ணிக் குடம் நாலும் வாசல் தாண்டிடுச்சு. நல்ல நேரத்துல அது கிளம்பிட்டா குடிபோன கணக்குதான். நல்ல நேரம் முடியறதுக்குள்ள அலமாரி வரைக்கும் ஏறிடுச்சு."

"அப்போ பந்தயம்? ஜெயிச்சது நான்தானே?"

"ஆமா, நீங்கதான் ஜெயிச்சீங்க," என்றாள். அதில் கேலி இல்லை. இருபது வருஷமாக என் எல்லா ஜெயத்தையும் அவள் இப்படித்தான் ஒப்புக்கொண்டிருக்கிறாள். முருகன் படத்தை மாத்திரம் சுவரிலிருந்து தன் கையாலேயே கழற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு, லோரியின் முன்சீட்டில் போய் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அந்தக் குவார்ட்டர்சில் ஒருநாளும் பார்த்ததில்லை. அது எனக்கு உறைத்தது.

இரண்டு ஆட்கள் வந்து டி.வி.யைத் தூக்கினார்கள். ஒருவன் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை எடுத்துப் போனான். நான் என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் அந்த வீட்டில் எனக்கென்று வேறு எதுவும் இல்லை.

தம்புசாமி வந்து என் முன்னால் நின்றான். தலையில் மெத்தைப் பஞ்சு ஒட்டியிருந்தது. என் தோளை மெதுவாகத் தொட்டுச் சொன்னான்:

"மாமா, கொஞ்சம் எந்திரிங்க. லோரியில நாற்காலிக்கு மட்டும்தான் இடம் இருக்கு."